விடை சொல்லாத கணக்கு வகுப்பு: ஒன்றரை வருடம் காசு கட்டியவனின் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெயரும் முகவரியும் போடப் போவதில்லை. நடத்துகிறவர்களே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். 14 பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை, ஏற்கெனவே காத்திருப்பவர்களின் பெயர் ஒரு நோட்டில் இரண்டு பக்கம் ஓடுகிறது. அப்புறம் எதற்கு எழுதுகிறாய் என்றால், இதே மாதிரி, பிள்ளைகளே சேர்ந்து விடையைக் கண்டுபிடிக்கிற கணித வட்டம் என்ற பெயரில் அங்கங்கே வகுப்புகள் வர ஆரம்பித்திருக்கின்றன, "சேர்க்கலாமா, குடுக்கிற காசுக்குத் தகுமா" என்று எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி ஓய்ந்துபோய்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

இடம் கிழக்குத் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம், சேலையூர் வட்டாரத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடி. மேலே தகரக் கொட்டகை, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கரும்பலகைப் பெயின்ட், தரையில் பாய். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம். நடத்துகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் அவரை சார் என்பார்கள். இன்னொருவர் ஐடி வேலையை விட்டுவிட்டு வந்த பெண், எல்லோருக்கும் அக்கா. நாலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லாம் கலந்து ஒரே குழு. இது எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை, எட்டாவது பையனும் நாலாவது பெண்ணும் சேர்ந்து என்ன கணக்கைப் படிப்பார்கள் என்று தோன்றியது.

நாங்கள் அங்கே போனதற்குக் காரணம் பால் பாக்கெட். மகள் அப்போது ஐந்தாவது. அதற்கு முன் இரண்டு வருடம் ஒரு அபாகஸ் வகுப்புக்குப் போனாள் (எது என்று கேட்காதீர்கள்), விரலைக் காற்றில் தட்டித் தட்டி மூன்று இலக்க எண்களைச் சடசடவென்று கூட்டுவாள், ஊருக்குப் போனால் பெரியப்பா வீட்டில் இதை ஒரு வித்தை மாதிரி செய்து காட்டச் சொல்வார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும். ஒருநாள் கடையில் அரை லிட்டர் பாக்கெட் ஐந்து வாங்கினோம், மொத்தம் எத்தனை லிட்டர் சொல்லு என்றேன். கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, "அப்பா, இது கூட்டலா பெருக்கலா, அதை மட்டும் சொல்லுங்க, நான் போட்டுடறேன்" என்றாள். பாலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அதே யோசனை. அவளைக் குறை சொல்லிப் பயனில்லை, நானும் பத்தாவது வரைக்கும் அப்படித்தான் படித்தேன், எந்தச் சூத்திரம் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மாட்டை வண்டியில் பூட்டின மாதிரி இழுத்துக்கொண்டு போய்விடுவேன்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். முதல் நாள் மட்டும் பெற்றோர் ஓரமாக உட்காரலாம், ஒரே நிபந்தனை, வாயைத் திறக்கக்கூடாது. அன்றைக்கு அக்கா ஒரு டப்பா நிறைய கலர் சாக்பீஸைத் தரையில் கொட்டினார். சுவரில் வரிசைக்கு 4 புள்ளியாக 3 வரிசை நேர்ப்புள்ளி வைத்து, புள்ளிகளைச் சுற்றி நெளிநெளியாகப் போகிற சிக்குக் கோலம் ஒன்றைப் போட்டார். நடுவில் எங்கேயும் வளைத்து முடிப்பது கிடையாது, ஓரத்துக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும், அதுதான் விதி. கையை எடுக்காமல் போட்டுக்கொண்டே போனார், தொடங்கின இடத்துக்கே வந்து சேர்ந்தார், பன்னிரண்டு புள்ளியும் ஒரே இழையில் அடங்கிவிட்டது. அடுத்து 4க்கு 4 போட்டார். பாதி கூட ஆகவில்லை, இழை தொடங்கின இடத்துக்கு வந்து மூடிக்கொண்டது. வேறு கலர் எடுத்தார், அதுவும் மூடிக்கொண்டது. கடைசியில் நாலு கலர் ஆனது. "அது ஏன் ஒண்ணு, இது ஏன் நாலு?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் போய் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் பாடம்.

பிள்ளைகள் மூன்று மூன்று பேராகத் தரையில் புள்ளி வைக்க ஆரம்பித்தார்கள். முதல் பத்து நிமிடம் வெறும் கூச்சல், கோலமே போடத் தெரியாத பையன்களுக்குப் பெண் பிள்ளைகள் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள், இந்த இடத்தில்தான் நாலாவதும் எட்டாவதும் ஏன் ஒன்றாக உட்கார்கிறார்கள் என்பது எனக்கு லேசாகப் புரிந்தது, ஏனென்றால் அன்றைக்கு அந்த எட்டாவது பையனுக்கு வாத்தியார் என் மகள். கொஞ்ச நேரத்தில் சுவரில் ஓர் அட்டவணை வளர்ந்தது. 2க்கு 3 என்றால் 1 இழை. 2க்கு 4 என்றால் 2. 3க்கு 4 என்றால் 1. 3க்கு 3 என்றால் 3. சதுரமாக இருந்தால் பக்கத்தில் எத்தனை புள்ளியோ அத்தனை இழை என்று முதலில் கத்தியது என் மகள்தான் (இதைச் சொல்லாமல் விட முடியவில்லை, மன்னிக்கவும்). உடனே ஏழாவது படிக்கிற ஒரு பையன், நல்ல குரல்வளம் உள்ளவன், எழுந்து நின்று தீர்ப்பு சொன்னான்: ஒரு பக்கம் ஒற்றைப்படை, ஒரு பக்கம் இரட்டைப்படை என்றால் எப்போதும் ஒரே இழைதான். 2க்கு 3, 3க்கு 4, 4க்கு 5, எல்லாம் சரியாக வந்தது. நானும் ஓரத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

அப்போது மூலையில் தனியாகப் போட்டுக்கொண்டிருந்த ஒரு சின்னப் பையன், அவன் நாலாவதுதான், "எனக்கு மூணு வருது" என்றான். அவன் வைத்திருந்தது 3க்கு 6. நீ தப்பாப் போட்டிருப்பே, எங்கேயாவது பாதியில் திருப்பியிருப்பே என்று மூன்று பேர் அவன் மேல் பாய்ந்தார்கள். அவன் முகம் சுருங்கிவிட்டது. நான் சாரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பையனிடம் ஈரத் துணியை மட்டும் நீட்டினார். அவன் துடைத்தான், மறுபடி பதினெட்டுப் புள்ளி வைத்தான், இந்தத் தடவை எல்லோரும் சுற்றி நின்று அவன் கையையே பார்த்தார்கள். மஞ்சள் மூடிக்கொண்டது. பச்சை மூடிக்கொண்டது. அப்புறம் ரோஸ். மூன்றேதான். அந்த ஏழாவது பையன் ஒரு நிமிடம் சும்மா நின்றான், பிறகு போய்த் தன் தீர்ப்பைத் தானே துடைத்துவிட்டு, "3க்கு 9 போட்டுப் பாருடா, நான் 3க்கு 12 போடறேன்" என்று அந்தச் சின்னப் பையன் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். நான் ஒன்றரை வருடமாகக் காசு கட்டுவதற்கு அந்த ஒரு நிமிடம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒன்றரை மணி நேரம் முடிந்தது. எனக்கு விடை தெரிந்துவிட்டது, பழைய பாடப்புத்தகத்தில் மீ.பொ.வ. என்று படித்தோமே அதுதான், இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கிற எண்களில் பெரியது, இப்போதைய ஆறாம் வகுப்பில் மீப்பெரு பொதுக் காரணி என்று போடுகிறார்கள். 3, 6 என்றால் 3. 4, 6 என்றால் 2. எத்தனை இழை என்பதற்கு அதுதான் பதில். என் வாயெல்லாம் அரிப்பு. யாராவது இந்தப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும், அடுத்த பாடத்துக்குப் போகலாம். ஆனால் சார், "சரி, அடுத்த வாரம் பாக்கலாம், வீட்ல போட்டுப் பாருங்க" என்று பாயைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். படியிறங்கும்போது அவரைப் பிடித்துக்கொண்டேன். "சார், இது மீ.பொ.வ. தானே, நீங்க ஏன் சொல்லலை?" அவர் சிரித்தார். "தம்பி, நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க இல்ல, சந்தோஷமா இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். "அதை ஏன் அவங்ககிட்டேருந்து புடுங்கணும்ங்கறீங்க?" என்றார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது, உண்மையைச் சொன்னால் அடுத்த இரண்டு மாதமும் கோபம் போகவில்லை. மாதம் 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு விடை தெரிந்த ஒருவர் அதைச் சொல்லாமல் உட்கார்ந்திருப்பதற்கு நான் எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று மனைவியிடம் புலம்பினேன்.

அந்தக் கோலம் மூன்று வாரம் ஓடியது. இரண்டாவது வாரத்தில் ஒருத்தி கலர்களை எண்ண ஆரம்பித்திருக்கிறாள், இடது ஓரத்தை எந்தெந்தக் கலர் எத்தனை தடவை தொடுகிறது என்று. 4க்கு 6 கோலத்தில் இடது ஓரத்தில் நாலு இடம், இரண்டு கலரும் ஆளுக்கு இரண்டு. மேல் ஓரத்தில் ஆறு இடம், ஆளுக்கு மூன்று. எந்தக் கோலத்திலும் ஒரு கலருக்கு அதிகம் ஒரு கலருக்குக் குறைவு என்று வரவில்லை, பங்காளிச் சண்டையே இல்லாத பாகப்பிரிவினை. அப்படியென்றால் இழைகளின் எண்ணிக்கை இந்தப் பக்கத்தையும் மீதியில்லாமல் வகுக்க வேண்டும், அந்தப் பக்கத்தையும் மீதியில்லாமல் வகுக்க வேண்டும் என்று பிள்ளைகளே வந்து சேர்ந்திருக்கிறார்கள். மகள் இதை வீட்டு வாசலில் கோலமாவில் போட்டு எனக்கு விளக்கியபோதுதான் ஒன்று உறைத்தது. நான் கண்டுபிடித்ததாக நினைத்தது வெறும் பெயர். ஏன் மீ.பொ.வ. வருகிறது என்று என்னைக் கேட்டிருந்தால் ஒரு வரி சொல்லியிருக்க மாட்டேன். இவளுக்குப் பாதிக் காரணம் தெரிந்திருந்தது. பொதுவாக வகுக்கிற எண்களிலேயே பெரியது எதற்கு வர வேண்டும், சின்னது ஏன் வரக்கூடாது என்ற மீதிப் பாதியில் மாட்டிக்கொண்டு சோறு கூடச் சாப்பிடாமல் கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரம் முடிவில்தான் சார் மீப்பெரு பொதுக் காரணி என்ற பெயரையே சொன்னாராம். கூடவே ஒரு செய்தியும் சொல்லியிருக்கிறார். பக்கத்திலேயே இருக்கிற சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்ற பேராசிரியர், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து, 1970களிலேயே கோலத்துக்கு இலக்கணம் எழுதியிருக்கிறார், அதாவது ஒரு மொழிக்கு இலக்கணம் இருக்கிற மாதிரி கோலத்துக்கும் விதிகளை வகுத்துக் கணினி அறிவியல் ஆய்வாகவே வெளியிட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லூரி வாசலைத் தாண்டித்தான் வாராவாரம் இவளை வண்டியில் கூட்டிக்கொண்டு போகிறேன், எனக்கு இது தெரியாது. இந்த மாதிரித் தகவல்களை அவர்கள் பாடத்தின் முதலில் சொல்வதே இல்லை. பிள்ளைகள் தாங்களாகவே ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு, "இந்த இடத்துக்கு முன்னாடியே இவங்க வந்துட்டுப் போயிருக்காங்க" என்று சொல்வார்கள். அது நல்ல பழக்கம்.

இன்னொரு நாள் மொட்டைமாடிப் படியே பாடம். ஒரு தப்படிக்கு ஒரு படியோ இரண்டு படியோ ஏறலாம் என்றால் எத்தனை விதமாக மேலே வரலாம்? அந்த வீட்டில் 17 படி, செங்குத்தான படி, அதைப் பற்றி அப்புறம் திட்டுகிறேன். மூன்று படிக்கு 3 விதம், நாலு படிக்கு 5, ஐந்துக்கு 8. முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வருகிறது என்று கண்டுபிடித்து, 17 படிக்கு 2,584 விதம் என்று கூட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடைசிக் கால் ஒரு படியில் வைத்ததா இரண்டு படியில் வைத்ததா என்று பிரித்துப் பார்த்தால் ஏன் கூட்டுகிறோம் என்பதும் புரிகிறது, அதையும் ஒரு பிள்ளைதான் சொன்னது. பிறகு சார் தமிழுக்குத் தாவியிருக்கிறார்: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஐந்து மாத்திரையைக் குறிலும் நெடிலுமாக எத்தனை விதமாக நிரப்பலாம், கைதட்டிக் காட்டுங்கள். அதே 8. இத்தாலியக் கணக்கு மேதை பிபொனாச்சி 1202இல் இந்த வரிசை வருகிற முயல் கணக்கை எழுதுவதற்கு முன்பே, 1150 வாக்கில் குஜராத்தில் ஹேமச்சந்திரர் என்ற சமணப் பெரியவர் செய்யுளின் குறில் நெடில் கணக்குக்காக இதே வரிசையைச் சொல்லியிருக்கிறார் என்பது அன்றைக்குக் கடைசியில் கிடைத்த போனஸ். அன்று முழுக்க இவள் வீட்டில் எதைச் சொன்னாலும் கைதட்டிக்கொண்டே இருந்தாள், மாடி வீட்டுக்காரர் என்ன சத்தம் என்று கேட்டார்.

புளியங்கொட்டை விளையாட்டைச் சொல்லாவிட்டால் என் அம்மா கோபித்துக்கொள்வார். 21 கொட்டை, ஆளுக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்கலாம், கடைசிக் கொட்டையை எடுப்பவர் ஜெயித்தார். மகள் பாட்டியுடன் விளையாடித் தொடர்ந்து ஜெயித்தாள். பல்லாங்குழியில் ஊரையே கவிழ்த்தவர் என் அம்மா, சும்மா விடுவாரா, மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து, "நாலு நாலாக் கட்டு கட்டி வெச்சா அவ ரகசியம் தெரிஞ்சு போச்சு" என்று மாலைக்குள் பிடித்துவிட்டார். நாலின் மடங்காக மீதி வைத்து எதிராளியிடம் கொடுத்தால் ஜெயித்துவிடலாம். அடுத்த ஞாயிறு அக்கா விதியைத் தலைகீழாக்கிவிட்டார், கடைசிக் கொட்டையை எடுப்பவர் தோற்றார். இப்போது 21இல் முதலில் எடுப்பவர்தான் மாட்டுவார். மகள் வீட்டுக்கு வந்து பெரிய மனசு பண்ணுவது மாதிரி, "பாட்டி, நீங்களே முதல்ல எடுங்க" என்றாள்.

இந்த முறை ஒன்றும் புதிதல்ல என்பது நான் பின்னால் தெரிந்துகொண்டது. ரஷ்யாவில் 1930களிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணித வட்டங்கள் நடந்திருக்கின்றன, அமெரிக்காவில் பாஸ்டனில் 1994இல் ஒரு தம்பதி தொடங்கினார்கள், பெர்க்லியில் 1998இல். நம் ஊரிலும் ஆள் இல்லாமல் இல்லை. முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் வாத்தியாராக இருந்த பி.கே. சீனிவாசன் அட்டையும் குச்சியும் காகிதமும் வைத்துப் பிள்ளைகளைக் கணக்கில் இறக்கியவர், 1993இல் ராயபுரத்தில் கணித மேதை ராமானுஜனுக்கு ஓர் அருங்காட்சியகமே உண்டாக்கினார். நம் சார் இளவயதில் அவர் பேச்சைக் கேட்டுத்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது என்பார். 2005இல் வந்த தேசியக் கலைத்திட்டத்துக்காகத் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராமானுஜம் தலைமையில் ஒரு குழு கணக்குப் பாடம் பற்றி எழுதிய அறிக்கையும் இதைத்தான் பேசுகிறது: பிள்ளையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதுதான் பள்ளிக் கணக்கின் முதல் நோக்கம், அதற்கு நடுவில் நிற்பது பயமும் தோல்வியும் என்று. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. நாற்பது ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு மார்ச்சுக்குள் பாடத்தை முடிக்க வேண்டிய ஆசிரியரால் மூன்று வாரம் கோலம் போட முடியாது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது குறைகள். நிறைய இருக்கின்றன.

முதல் குறை அந்தப் படி. 2,584 விதமாக ஏறலாம், சரி, ஆனால் கைப்பிடி ஒரு பக்கம்தான், மழை நாளில் வழுக்குகிறது, இரண்டு முறை சொல்லியும் இன்னும் எதுவும் செய்யவில்லை. ஏப்ரல், மே மாதத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே பத்தரை மணிக்கு மேல் உட்கார முடியாது, இரண்டு மின்விசிறி வெந்நீர்க் காற்றுதான் வீசும். போன மே மாதம் முழுக்க இணைய வழியில் நடத்தினார்கள், அது சுத்தமாக எடுபடவில்லை, ஒரே தரையில் தவழ்ந்துகொண்டு ஒருத்தர் சாக்பீஸை இன்னொருத்தர் பிடுங்கினால்தான் இது நடக்கும், திரையில் 14 சதுரத்தில் 14 முகம் உட்கார்ந்தால் ஒருவன் பேசுவான், மீதிப் பேர் கார்ட்டூன் பார்ப்பார்கள். அந்த மாதம் கட்டணம் பாதிதான் வாங்கினார்கள், அதுவே எனக்கு அதிகமாகப் பட்டது.

குரல் பெரிதாக உள்ள பிள்ளைகள் பிரச்சினை இன்னும் முழுதாகத் தீரவில்லை. கையில் நீல சாக்பீஸ் வைத்திருப்பவர் மட்டும் பேசலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள், பாதி நாள் வேலை செய்கிறது, மீதி நாள் சாக்பீஸ் யாரிடம் இருக்கிறதென்றே தெரியாது. பேசாத ஒரு பெண் மூன்று மாதம் வந்துவிட்டு நின்றுவிட்டாள். அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவும் இல்லை. சேர்ந்து கண்டுபிடிப்பது என்றால் எல்லோரும் சேர்ந்துதானே, அந்த இடத்தில் இவர்கள் இன்னும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அக்காவிடம் இதைச் சொன்னேன், மறுக்கவில்லை, அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. அதற்குப் பிறகு குழுக்களை வாராவாரம் மாற்றிப் போடுகிறார்.

எல்லா வாரமும் கோலம் மாதிரி பூக்காது என்பதையும் எதிர்பார்த்துச் சேருங்கள். காகிதத்தை மடித்து வெட்டுகிற பாடம் ஒன்று, அக்கா ஆசை ஆசையாகத் தயார் செய்து வந்தது, இருபது நிமிடத்தில் காகித ராக்கெட் யுத்தமாக முடிந்தது. மகளைக் கேட்டால் வருடத்திலேயே சிறந்த வகுப்பு அதுதான் என்கிறாள்.

பெரிய கேள்விக்கு வருகிறேன், மார்க். ஏறவில்லை. ஒன்றரை வருடத்தில் பள்ளித் தேர்வில் ஒரு மாற்றமும் இல்லை, எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவிலேயே நிற்கிறது. ஒரு தடவை இறங்கவும் செய்தது: தொடர் எண்களைக் கூட்டும் கணக்கில் முதலையும் கடைசியையும் ஜோடி சேர்த்து இவள் தன் வழியில் போட, விடை சரி, வழிமுறை புத்தகத்தில் உள்ளது இல்லை என்று மூன்று மதிப்பெண் போய்விட்டது. பள்ளியைத் திட்டுவதில் பயனில்லை என்று விட்டுவிட்டேன், இவளும் அழவில்லை, "அவங்களுக்கு ஏன்னு எழுதிக் காட்டியிருக்கணும்பா, நான் வெறும் விடையை எழுதிட்டேன்" என்றாள். வாய்ப்பாடு இன்னும் தகராறுதான், ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழு எட்டு கேட்டால் கண் மேலே போகும். அதை நான்தான் ராத்திரி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வட்டத்துக்குப் போனால் வாய்ப்பாடு தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இவர்கள் அப்படிச் சொல்லவும் இல்லை. வீட்டுப்பாடம் கிடையாது, தேர்வு கிடையாது, சான்றிதழ் கிடையாது, மேடையேற்றிக் கோப்பை கொடுப்பது கிடையாது. பெரியப்பா வீட்டில் செய்துகாட்ட இப்போது எங்களிடம் ஒரு வித்தையும் இல்லை.

அப்புறம் என்னதான் மாறியது? பால் பாக்கெட் கேள்வியை இப்போது கேட்டால் கூட்டலா பெருக்கலா என்று திருப்பிக் கேட்பதில்லை. போன மாதம் குளியலறைக்கு ஓடு மாற்ற மேஸ்திரி வந்து, இத்தனை பெட்டி வேண்டும் என்று ஒரு கணக்கு சொன்னார். இவள் சுவரில் கதவு போகும் இடத்தைக் காட்டி, "இதைக் கழிச்சீங்களா அண்ணா?" என்று கேட்டாள். கழிக்கவில்லை. மேஸ்திரி சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியைக் குறைத்தார், ஆனால் வெட்டும்போது உடையுமே, அதுக்கு ரெண்டு கூடப் போடணும் பாப்பா என்று இவளுக்கும் ஒன்று சொல்லிக்கொடுத்தார், இவள் அதை நோட்டில் குறித்துக்கொண்டாள். இதற்கு மார்க் ஷீட்டில் கட்டம் இல்லை, ஆனால் எனக்கு அந்த 1,200 ரூபாய்க்கு ரசீது மாதிரி இருந்தது.

யார் சேர்க்கலாம், யார் சேர்க்க வேண்டாம் என்று கேட்டால், பத்தாவது பொதுத்தேர்வு, ஒலிம்பியாட் கோப்பை என்று ஏதாவது குறிவைத்திருப்பவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம், இரண்டு தரப்புக்கும் நிம்மதி. கணக்கு என்றாலே வயிற்றுவலி வருகிற பிள்ளைக்கு நல்லது, ஆனால் முதல் ஒரு மாதம் கூடவே ஒரு நண்பனையோ நண்பியையோ சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பேசாத பெண்ணின் கதைதான். ஏற்கெனவே கணக்கில் புலி என்று பெயர் வாங்கின பிள்ளைக்கும் நல்லது, வேறு காரணத்துக்காக: நாலாம் வகுப்புப் பையன் தன் தீர்ப்பைக் கவிழ்ப்பதைப் பார்த்துத் தாங்கிக்கொள்ள அங்கேதான் பழகுவான். உங்கள் பக்கத்தில் இந்த மாதிரி ஒன்று இருந்தால் முதல் நாள் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள், பெரியவர் எத்தனை தடவை வாய் வரைக்கும் வந்த விடையை விழுங்குகிறார் என்று மட்டும் எண்ணுங்கள். கரும்பலகையில் அவரே மளமளவென்று எழுதிக்கொண்டு போனால் அது பெயரை மாற்றிக்கொண்ட ட்யூஷன், அதற்கு மாதம் 1,200 அதிகம்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்கிறவர்களுக்கு நாலு. ஒன்று அந்தப் படிக்காக வெட்டியது, கைப்பிடி வைத்தால் திருப்பிக் கொடுக்கிறேன்.

இப்போது வாசலில் ஓடுவது சாய்சதுரக் கோலம். ஒன்று, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று என்று புள்ளி வைத்து எத்தனை இழை வருகிறது, அடுத்தது ஏழு வரைக்கும் போனால் எத்தனை என்று இரண்டு வாரமாகக் கோலமாவு காலியாகிக்கொண்டிருக்கிறது, பால்காரர் தாண்டித் தாண்டிக் குதித்துத்தான் வருகிறார். தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து கீழே விடையைப் போடாதீர்கள், நான் எழுதுவதை எல்லாம் அவள் படிப்பாள்.